ஆட வைப்பதாலேயே அது வெற்றுப் பாட்டாகிவிடுமா?

கேள்வி: 'ரம் அண்ட் கோகோ கோலா' என்ற கலிப்சோ பாட்டைக் கேட்டேன். கடற்கரையில் குடித்துவிட்டு ஆடுகிறவர்களுக்கான ஜாலிப் பாட்டுதானே கலிப்சோ? அதற்கெல்லாம் ஒரு வரலாறு தேவையா?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: தேவை. நீங்கள் சொன்ன பாட்டையே எடுத்துக்கொள்வோம்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் கரீபியன் கடலில் உள்ள, கலிப்சோ பிறந்த டிரினிடாட் தீவில் அமெரிக்கப் படைகள் முகாம் போட்டன. சிப்பாய்கள் கையில் டாலர் புரண்டது. அந்த டாலருக்காகத் தாயும் மகளும் சேர்ந்தே பாலியல் தொழிலுக்குப் போனதைத்தான் லார்ட் இன்வேடர் என்ற கலிப்சோ பாடகர் 1943இல் பாடினார். 1945இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூஸ் சகோதரிகள் பாடி அந்தப் பாட்டு எங்கும் ஒலித்தபோது, அதை எழுதியவர் என்று வேறு ஒருவர் பெயர் இருந்தது. இன்வேடர் நியூயார்க்கில் வழக்குப் போட்டு ஜெயித்தார். மெட்டு இசையமைப்பாளர் லயனல் பெலாஸ்கோவுடையது என்று தனியாக நடந்த வழக்கும் ஜெயித்தது. கேட்கிறவர்கள் காதில் ரம் மட்டும் நின்றுவிட்டது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கலிப்சோவின் வேர் கரும்புத் தோட்டத்தில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பாட்டு அது. முன்னால் நின்று அடியெடுத்துக் கொடுப்பவர் 'ஷாண்ட்வெல்', மற்றவர்கள் பின்பாட்டு. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை கிடைத்த பிறகு அவர்கள் கார்னிவல் திருவிழா நாட்களில் தீப்பந்தமும் மேளமுமாக 'கேன்பூலே' ஊர்வலம் போனார்கள். 1881இல் அதைத் தடுக்க வந்த பிரிட்டிஷ் அரசின் போலீசோடு தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருக்களில் மோதினார்கள். 1884இல் பந்தத்தோடு மேளத்துக்கும் சட்டம் போட்டுக் கட்டுப்பாடு வந்தது. அதே வருடம் அக்டோபரில், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் சான் ஃபெர்னாண்டோவில் முஹர்ரம் ஊர்வலம் போனபோது, அதே அரசு அவர்களைச் சுட்டது.

சரி, மேளம் போயிற்று. அப்புறம் என்ன செய்தார்கள்? மூங்கிலை வெட்டினார்கள். தடித்த, நீளமான மூங்கிலை நிமிர்த்திப் பிடித்துத் தரையில் இடித்தால் 'தொம்' என்று அடித்தாளம் கிடைக்கும். மெல்லிய துண்டைத் தோளில் சாய்த்துக் குச்சியால் தட்டினால் மேல்தாளம். பக்கத்தில் ஒருவர் கண்ணாடிப் பாட்டிலில் கரண்டியால் தட்டிக்கொண்டே வருவார். இதற்குப் பெயர் 'டம்பூ பாம்பூ'. பின்னாளில் பிஸ்கட் டப்பா, எண்ணெய் பீப்பாய் என்று போய், அதுவே 'ஸ்டீல் பேன்' என்ற உலோகத் தாளக்கருவி ஆனது.

1900 வாக்கில் பாட்டு பிரெஞ்சு கிரியோல் என்ற கலப்புமொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியது. கொட்டகை போட்டு டிக்கெட் வைத்துப் பாடினார்கள். பிடித்த வரி வந்தால் கூட்டம் 'சபாஷ்' போடுகிற மாதிரி 'கைசோ!' என்று கத்தும். விலைவாசி, வேலைநிறுத்தம், கவர்னர், ஊழல் எல்லாம் பாட்டில் வந்தன. பேப்பர் படிக்கத் தெரியாதவனுக்கு அதுதான் பேப்பர். பயந்துபோன அரசு 1934இல் பாடல்களைத் தணிக்கை செய்ய ஒரு சட்டமே கொண்டுவந்தது. சும்மா ஆடிவிட்டுப் போகிற பாட்டுக்கு எந்த அரசாவது சட்டம் போடுமா? அட்டிலா தி ஹன் என்ற பெயரில் பாடிய ரேமண்ட் கெவெடோ, பின்னாளில் தேர்தலில் நின்று சட்டசபைக்கே போனார்.

1956இல் மைட்டி ஸ்பேரோ என்ற பாடகர் கார்னிவல் போட்டியில் பட்டம் வென்றார். அமெரிக்கச் சிப்பாய்கள் போன பிறகு அந்தப் பெண்கள் நிலை என்ன என்பதுதான் பாட்டு. இன்வேடர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த மாதிரி. பரிசு வெறும் 40 டாலர். கார்னிவல் அழகிக்கோ ஆயிரக்கணக்கில்! ஸ்பேரோ அதை எதிர்த்துப் போட்டியையே புறக்கணித்தார். அதே 1956இல் வந்த ஹாரி பெலஃபான்டேயின் இசைத்தட்டால் கலிப்சோ என்ற பெயர் உலகெங்கும் இன்னும் பரவியது. ஆனால் அதில் புகழ்பெற்ற வாழைப்பழப் பாட்டு, ஜமைக்காவில் சுமை ஏற்றுகிறவர்களின் பாட்டு. பெண்கள் பட்டம் வாங்க இன்னும் நாளானது. 1978இல் கலிப்சோ ரோஸ் ஜெயித்தபோது, 'கலிப்சோ கிங்' என்ற பட்டத்தின் பெயரையே மாற்ற வேண்டி வந்தது.

கவாஸ்கரை 1971இல் லார்ட் ரிலேட்டர் பாடியது நம்மில் பலருக்குத் தெரியும். அதைவிட எனக்குப் பிடித்தது, 1970களில் லார்ட் ஷார்ட்டி செய்த காரியம். முஹர்ரம் ஊர்வலங்களில் முழங்கிய தாஸா மேளத்தின் தாளத்தையும் டோலக்கையும் அவர் கலிப்சோவுக்குள் கொண்டுவந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 'சோகா' என்ற புது இசை. 1884இல் அடிபட்ட இரண்டு ஊர்வலங்களின் தாளமும் அதில் இருக்கிறது.

ஆண்ட்ரூஸ் சகோதரிகளைக் கேட்டுவிட்டீர்கள். இன்வேடரே பாடிய பதிவும் இருக்கிறது. அந்தத் தாயும் மகளும் வரும் இடத்தை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள்.