முடியைக் கழற்றுவதற்கு முன்: பிரித்தானிய முடியாட்சி குறித்த கேள்வி பதில்

பிரித்தானியா தன் பரம்பரை முடியாட்சியை இனியும் வைத்துக்கொள்ள வேண்டுமா என்பது குறித்து வந்த கேள்விகளுக்கு, ஒப்பியல் அரசியலமைப்பைக் கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் விடையளிக்கிறேன். செலவுக் கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பொருளுக்குள் நுழைய வேண்டாம் என்பது என் முதல் வேண்டுகோள்.

கேள்வி (கோவை, சட்டக் கல்லூரி மாணவி): ஐயா, மன்னர் வெறும் அலங்காரம் என்கிறார்கள். அப்படியானால் அவரை நீக்குவதிலும் வைத்திருப்பதிலும் என்ன வேறுபாடு இருக்க முடியும்?

பதில்: மன்னர் என்ற ஆள் அலங்காரம்தான்; முடி, அதாவது அவர் பெயரில் நிற்கும் அரச அதிகாரம், அலங்காரமன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்ட முன்வரைவுக்கு இசைவளிக்க மறுத்த கடைசி ஆட்சியாளர் ஆன் அரசியார். அது 1708இல் நடந்தது. ஆனால் போர் தொடுப்பது, உடன்படிக்கை செய்துகொள்வது, நாடாளுமன்றத்தைக் கலைப்பது, உயர் பதவிகளுக்கு ஆள் நியமிப்பது ஆகிய அதிகாரங்கள் இன்றும் முடியின் பெயரில்தான் இருக்கின்றன; அவற்றைக் கையாள்பவர் பிரதமர். 2018 ஏப்ரலில் சிரியாமீது வான்தாக்குதல் நடத்த அன்றைய பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்புக்குக் காத்திருக்கவில்லை. 2019 ஆகஸ்டில் போரிஸ் ஜான்சன், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் பிரெக்சிட் நெருக்கடியின் நடுவே, நாடாளுமன்றத்தை ஐந்து வாரங்கள் முடக்கிவைக்குமாறு இரண்டாம் எலிசபெத் அரசியாருக்கு ஆலோசனை வழங்கினார். அரசியாரும் மரபுப்படி அதை ஏற்றார். செப்டம்பர் 24 அன்று வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமித்து அந்த ஆணை செல்லாது என்றார்கள். அன்று தடுத்தது நீதிமன்றம். தடுக்க இயலாமல் கையெழுத்திட்டது அரண்மனை. ஆகவே, மன்னர் இருப்பது பிரதமருக்குக் கடிவாளம் என்னும் வாதத்தை நான் ஏற்பதில்லை. அதே வேளையில், மன்னரை நீக்கிவிட்டு இந்த அதிகாரங்களை அப்படியே ஒரு குடியரசுத் தலைவருக்கோ பிரதமருக்கோ மாற்றிக்கொடுத்தால் மக்களுக்குக் கிடைப்பது புதிய பெயர்ப்பலகை மட்டுமே.

கேள்வி (மதுரை): ஏழைகள் வரி கட்ட, மன்னர் செலவழிக்கிறார். எவ்வளவு என்று சொல்ல முடியுமா?

பதில்: அரசு வழங்கும் ஆண்டு மானியம் 2024-25இல் 8 கோடியே 63 லட்சம் பவுண்டாகவும் 2025-26இல் 13 கோடியே 21 லட்சம் பவுண்டாகவும் இருந்தது. முடிக்குரிய நிலங்களை நிர்வகிக்கும் நிறுவனத்தின் இலாபத்தில் ஒரு பங்காக இது கணக்கிடப்படுகிறது. அந்த நிலங்களின் வருவாயை மூன்றாம் ஜார்ஜ் 1760இலேயே அரசிடம் ஒப்படைத்துவிட்டார். பாதுகாப்புச் செலவு இந்தத் தொகையில் சேராது. எனினும், மானியத்தை மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு இரண்டு பவுண்டுக்கும் குறைவாகவே வருகிறது. இலவசமாகக் கிடைத்தால் முடியாட்சியை ஏற்றுக்கொள்வீர்களா? மாட்டீர்கள் என்றால் உங்கள் மறுப்புக்குக் காரணம் பணமன்று.

கேள்வி (லண்டன், ஈஸ்ட் ஹாம்): சுற்றுலா வருமானம்?

பதில்: பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் மன்னர் யாருமில்லை, கூட்டத்துக்குக் குறைவுமில்லை.

கேள்வி (மெல்பர்ன்): முடி யாருக்கும் கடிவாளமாக இருந்ததில்லை என்பது போல எழுதுகிறீர்கள். 1975இல் எங்கள் நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமரையே முடியின் பிரதிநிதி வீட்டுக்கு அனுப்பினாரே?

பதில்: நல்ல மறுப்பு. மேலவை வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றாமல் முடக்கியிருந்த நிலையில், 1975 நவம்பர் 11 அன்று ஆஸ்திரேலியாவில் முடியின் பிரதிநிதியான தலைமை ஆளுநர் ஜான் கெர் பிரதமர் கஃப் விட்லமைப் பதவி நீக்கி, எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் ஃபிரேசரை இடைக்காலப் பிரதமராக்கினார். பிரதிநிதிகள் அவை அன்றே ஃபிரேசர்மீது நம்பிக்கையில்லை என்று தீர்மானித்தும் பயனில்லை, அவைகள் கலைக்கப்பட்டன. ஆனால் இதைச் செய்தவர் மன்னர் குடும்பத்தவர் அல்லர். விட்லமின் பரிந்துரையிலேயே அப்பதவிக்கு வந்த ஆஸ்திரேலியர். அரசியாருக்கு முன்கூட்டித் தெரிவிக்காமலேயே அவர் செயல்பட்டார்.

கேள்வி (மெல்பர்ன், மீண்டும்): கெரும் அரண்மனையும் எழுதிக்கொண்டு 2020இல் வெளியான கடிதங்களைப் படித்தீர்களா? அப்படிப்பட்ட அதிகாரம் உண்டு என்று அரசியாரின் செயலாளர் கெருக்கு முன்பே எழுதியிருக்கிறார். "தெரியாது" என்பது வசதியான சொல்.

பதில்: படித்தேன். நீதிமன்றம்வரை சென்று வழக்காடிய பிறகே அவை வெளிவந்தன என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். நாள் குறித்துத் தெரிவிக்காததால் அரண்மனை முற்றிலும் அறியாமல் இருந்தது என்று சொல்வது பொருந்தாது. என் முந்தைய பதிலில் அந்த அளவுக்குத் திருத்தம் தேவை. ஆயினும் பிரதமரை நீக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அது வரையறுக்கப்படாமல், "மரபு" என்ற போர்வைக்குள் கிடந்தது. எழுதி வரையறுக்காத அதிகாரத்தை யாரிடம் கொடுத்து வைத்தாலும் அது ஒருநாள் எழுந்து நிற்கும்.

கேள்வி (சிட்னி): அப்படியானால் 1999 வாக்கெடுப்பில் மக்கள் குடியரசை ஏன் நிராகரித்தார்கள்? மன்னர்மீது பற்றுதானே?

பதில்: ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் வேண்டாம் என்றது உண்மை, அவர்கள் எல்லாரும் மன்னர் பக்தர்கள் என்பது உண்மையன்று. முன்வைக்கப்பட்ட திட்டப்படி குடியரசுத் தலைவரை நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையால் தேர்ந்தெடுக்கும். மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற குடியரசுவாதிகள் பலர் இதை எதிர்த்தார்கள். அதைவிட விந்தை, பிரதமர் கையொப்பமிட்ட ஓர் அறிவிப்பால் அந்தக் குடியரசுத் தலைவரை உடனே நீக்கிவிடலாம் என்பது. 1975இல் பிரதமரை ஆளுநர் நீக்கினார். 1999இல் அந்த வாளைத் திருப்பிப் பிடிக்கப் பார்த்தார்கள். மெல்பர்னும் சிட்னியும் தங்களுக்குள் தொடரலாம். நான் அடுத்த கேள்விக்குச் செல்கிறேன்.

கேள்வி (திருச்சி): இத்தனை கோடி பவுண்டை மருத்துவமனைகளுக்குக் கொடுக்கலாமே?

பதில்: மதுரை அன்பருக்குச் சொன்னதைப் பார்க்கவும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இலங்கையில் முடியை நீக்கினோம். நன்மை விளைந்ததா?

பதில்: இந்த அவையில் மிக முக்கியமான கேள்வி இதுவென்று கருதுகிறேன். 1948இல் விடுதலை பெற்ற பிறகும் 1972 மே 22 வரை இலங்கையின் தலைமை பிரித்தானிய முடியிடமே இருந்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்ற 29ஆம் பிரிவு அந்தப் பழைய அரசியலமைப்பு யாப்பில்தான் இருந்தது. அப்பிரிவு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த குடியுரிமைச் சட்டத்தையும், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சிங்களம் மட்டும் சட்டத்தையும் தடுத்து நிறுத்தவில்லை என்பதை நீங்கள் எனக்கு நினைவூட்டத் தேவையில்லை. இருந்தும், 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பு முடியோடு சேர்த்து அந்தப் பிரிவையும் கைவிட்டது. கடைசித் தலைமை ஆளுநரான வில்லியம் கோபல்லாவவே முதல் குடியரசுத் தலைவரானார். ஆறே ஆண்டுகளில், 1978 யாப்பு, நிறைவேற்று அதிகாரம் முழுவதையும் ஒரே சனாதிபதியின் கையில் குவித்தது. முடி போனது, முடிக்கு அன்று இல்லாத வலிமை அந்த நாற்காலிக்கு வந்தது. இதற்காக முடியைத் தக்கவைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எதை நீக்குகிறோம் என்பதைவிட, நீக்கிய இடத்தில் எதை வைக்கிறோம் என்று யாப்பு வரைந்தவர்களைக் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி (மலேசியா, கிள்ளான்): எங்கள் நாட்டைப் போல ஒன்பது ஆட்சியாளர்கள் ஐந்தாண்டுக்கு ஒருவராகச் சுழன்று வந்தால் நல்லதல்லவா?

பதில்: அது தனிக் கட்டுரைக்குரியது. 2022 நவம்பரில் எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது, அன்வர் இப்ராகிமைப் பிரதமராக்கியதில் மாமன்னருக்கு இருந்த பங்கு எந்தப் பிரித்தானிய மன்னருக்கும் இன்று வாய்க்காது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். உங்கள் மன்னர் உண்மையிலேயே முடிவெடுக்கிறார்.

கேள்வி (புதுக்கோட்டை): எங்கள் சமஸ்தானத்து மன்னர் மானியத்தை நிறுத்தியது சரியா?

பதில்: 1971இல் இந்திய அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் அதை முடித்துவிட்டது. உள்ளூர் வரலாற்றாசிரியர் ஒருவரைக் கேளுங்கள்.

கேள்வி (லண்டன், ஹேரோ): மன்னரையும் வைத்துக்கொண்டு அதிகாரத்தையும் எடுத்துவிட முடியாதா?

பதில்: முடியும், சுவீடன் செய்து காட்டியிருக்கிறது. 1974இல் இயற்றப்பட்ட அதன் ஆட்சி யாப்பின்படி பிரதமரை முன்மொழிபவர் நாடாளுமன்ற அவைத் தலைவர்; அதை ஏற்பதும் மறுப்பதும் நாடாளுமன்றத்தின் வாக்கு. சட்டங்களுக்கு மன்னரின் கையொப்பம் தேவையில்லை. பெல்ஜியத்தில் இந்த ஏற்பாடு இல்லாததால்தான் 1990இல் கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட மன்னர் போதுவான் மனச்சான்றின் பேரில் மறுக்க, அவர் ஆளும் நிலையில் இல்லை என்று அறிவித்து, அமைச்சர்களே கையெழுத்திட்டு, ஓரிரு நாளில் அவரை மீண்டும் அரியணையில் அமர்த்த வேண்டியதாயிற்று. பிரித்தானியா முதலில் சுவீடனின் வழிக்கு வரட்டும். அதற்குப் பின் மன்னர் வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தால் நான் ஆர்வத்தோடு பார்ப்பேன். அதற்கு முன் வைத்தால், பிறப்பால் வரும் பதவியை வெறுக்கும் நானே தயங்குவேன்.

கேள்வி (சேலம்): பிறப்பால் வருவது என்கிறீர்கள். அந்த வரிசையையாவது மன்னர் தம் விருப்பப்படி மாற்றலாமா?

பதில்: முடியாது. கத்தோலிக்கரை விலக்கிய 1701ஆம் ஆண்டுச் சட்டமும், பெண்ணுக்கு முன் ஆண் என்ற முறையை நீக்கிய 2013ஆம் ஆண்டுச் சட்டமும் நாடாளுமன்றம் இயற்றியவை. சுவீடன் இன்னும் துணிந்து சென்றது. 1980இல் மூத்த குழந்தையே வாரிசு என்று சட்டம் மாறியபோது, சில மாதக் குழந்தையான இளவரசர் கார்ல் பிலிப் பட்டத்துரிமையை இழந்தார். அவருடைய அக்காள் விக்டோரியா பட்டத்து இளவரசியானார். தந்தையான மன்னருக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய இசைவு தேவைப்படவுமில்லை.