மகளுக்குக் கிடைத்திருக்கும் பராமரிப்புத் திட்டமிடல் வேலை: ஒரு தந்தைக்குப் பதில்

இயந்திரப் பொறியியல் முடித்த மகளுக்குப் பராமரிப்புத் திட்டமிடல் பிரிவில் வேலை கிடைத்திருப்பதாகவும், ஸ்பேனர் பிடிக்கவா இவ்வளவு படிக்க வைத்தோம் என்று மனம் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். திட்டமிடுபவரின் வேலை வேறு: எந்த இயந்திரம் எப்போது, எதனால் நின்றுபோகும் என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து கணித்து, உதிரிப் பாகத்தையும் ஆட்களையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வது.

ஒரு பம்ப் 2,000 மணி நேர ஓட்டத்தில் நான்கு முறை பழுதாகி, அவற்றைச் சரிசெய்ய மொத்தம் 20 மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். பழுதுக்குப் பழுது சராசரி ஓட்டம் 500 மணி. ஒரு பழுதைச் சரிசெய்யச் சராசரி 5 மணி. 500-ஐ 505-ஆல் வகுத்தால், பம்ப் தயார்நிலையில் இருந்தது ஏறத்தாழ 99 சதவீத நேரம். இது பள்ளிக் கணக்குதான். ஆனால், பழுதுகள் ஏறக்குறைய 500 மணிக்கு ஒன்றாக வந்திருந்தால் 450-ஆம் மணியிலேயே பாகத்தை மாற்றிவிடலாம். 30 மணியில் ஒன்று, அடுத்தது 900 மணி கழித்து என்று தாறுமாறாக வந்திருந்தால் அப்படி மாற்றுவது வீண் செலவு, சில நேரம் புதிதாக மாட்டியதே கோளாறுக்கு வழிவகுக்கும். சராசரி மட்டும் இரண்டிலும் 500-தான்.

இதைப் பிரித்தறியவே சுவீடன் பொறியாளர் வாலோடி வெய்புல் 1951-இல் எழுதிய கட்டுரையால் புகழ்பெற்ற நிகழ்தகவுப் பரவலை, அதாவது பழுது எப்போது வர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் கணித வளைவைப் பயன்படுத்துகிறார்கள். அந்த வளைவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் வடிவ எண் 1-க்குக் கீழே இருந்தால் பாகம் புதிதாக இருக்கும்போதே வரும் தொடக்கக் கோளாறு, 1-ஐ ஒட்டியிருந்தால் தற்செயல், மேலே போனால் தேய்மானம். விமானப் பராமரிப்பு பற்றிய 1978-ஆம் ஆண்டு அமெரிக்க அறிக்கை ஒன்று, ஆராய்ந்த பாகங்களில் 11 சதவீதத்துக்கு மட்டுமே வயது வரம்பு வைத்து மாற்றுவது பயன் தரக்கூடும் என்று காட்டியது.

ஆகவே உங்கள் மகள் புள்ளியியலை மீண்டும் எடுத்துப் படிக்கட்டும். மென்பொருளை வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம். நள்ளிரவில் தொலைபேசி அழைப்பு வரும் வேலைதான், அதை மறைக்க விரும்பவில்லை.

சேரும் முன், அங்கே பழுதுப் பதிவு எப்படி எழுதப்படுகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். "மோட்டார் ரிப்பேர், சரி செய்யப்பட்டது" என்ற வரியிலிருந்து எதையும் கணிக்க முடியாது. எந்தப் பேரிங், எத்தனை மணி ஓடியது, கிரீஸ் வறண்டதா, தண்ணீர் புகுந்ததா என்பதெல்லாம் வேண்டும். அத்தகைய பதிவு இல்லையென்றால் முதல் ஓராண்டு அதை உருவாக்குவதிலேயே போகும். அதைத் தெரிந்துகொண்டே சேரட்டும்.