பழைய கட்டடங்களைப் பார்ப்பதும் படமெடுப்பதும்: வாசகர் கேள்வி - பதில்

போனில் எந்தக் கோபுரத்தை எடுத்தாலும் பின்னால் சாய்ந்து விழுவது போலவே வருகிறது. போன் சரியில்லையா, நான் பிடிப்பது சரியில்லையா?

போன் மீது குறையில்லை. உச்சியும் படத்துக்குள் வர வேண்டும் என்று போனை மேல்நோக்கிச் சாய்க்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சென்சாரும் (போனுக்குள் படம் பதியும் தகடு) சுவரும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்வரை நெட்டுக்கோடுகள் நேராகவே விழும். சாய்த்ததும் கோபுரத்தின் உச்சி அடியைவிடத் தொலைவுக்குப் போய்விடுகிறது. தொலைவில் உள்ளது சிறுத்துத் தெரியும் என்பதால் இரு பக்கக் கோடுகளும் மேலே போகப் போக நெருங்குகின்றன.

முதல் மருந்து, பின்னால் நகர்வது. எவ்வளவு என்று கணக்கே போட்டுவிடலாம். பெரும்பாலான போன்களின் முதன்மைக் கேமரா 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்குச் சமம். போனை நெட்டுவாக்கில், துளியும் சாய்க்காமல் பிடித்தால், நீங்கள் நிற்கும் தூரத்தில் சுமார் 70 சதவீத உயரம் வரை படத்தில் அடங்கும். 30 மீட்டர் உயரக் கோபுரம் என்றால் 40 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். படுக்கைவாக்கில் பிடித்தால் 55 மீட்டராவது வேண்டும். படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக வரும், வெட்டி எடுத்துவிடுங்கள்.

இடமில்லையா? எதிரே மாடி இருந்தால் ஏறுங்கள். கோபுரத்தின் பாதி உயரத்துக்கு வந்துவிட்டால் பாதித் தூரமே போதும். அதுவும் முடியாதபோது, சாய்த்தே எடுத்துவிட்டு எடிட்டிங் செயலியில் நிமிர்த்த வேண்டியதுதான். அதற்கு, எடுக்கும்போதே நான்கு பக்கமும் தாராளமாக இடம் விட வேண்டும். நிமிர்த்தும்போது கீழ் மூலைகள் வெறுமையாகிவிடுவதால் பக்கங்களை வெட்ட வேண்டிவரும்; இழுத்து விரிக்கப்படும் மேல்பகுதியில் கூர்மை குறையும். முழுக்க நிமிர்த்தவும் கூடாது. மிக அருகில் நின்று எடுத்த உயரமான கட்டடத்தை அப்பழுக்கில்லாமல் இணையாக்கினால் தலை பெருத்துத் தெரியும். சாய்வில் பத்தில் ஒரு பங்கை விட்டுவைத்தால் கண்ணுக்கு இயல்பாக இருக்கும்.

சுவரில் எழுத்து இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் தெரியவில்லை. சாக்பீஸ் தூளோ மாவோ தடவினால் தெளிவாகத் தெரியும் என்கிறார்கள். தடவலாமா?

வேண்டவே வேண்டாம். தூள் கல்லின் நுண்துளைகளில் புகுந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். மாவில் பூஞ்சை வளரும். எண்ணெய் தூசியைச் சேர்த்துக் கறுத்துப்போகும். இவை எல்லாவற்றையும்விட இன்னொரு கேடு உண்டு: தடவும் கை, தான் படித்ததாக நினைக்கும் எழுத்தையே நிரப்பும். அடுத்து வருபவர் கல்லைப் படிப்பதில்லை, உங்கள் ஊகத்தைப் படிக்கிறார்.

எழுத்தைக் காட்டுவது நிழல். நேர் எதிரிலிருந்து வெளிச்சம் விழுந்தால் பள்ளத்தில் நிழலே இருக்காது. வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு வர வேண்டும். 10 முதல் 20 பாகைக் கோணம் நன்றாக எடுபடும். ஒரு டார்ச்சை எழுத்திலிருந்து 60 செ.மீ. பக்கவாட்டிலும் சுவரிலிருந்து 15 செ.மீ. விலக்கியும் பிடித்தால் இந்தக் கோணம் கிடைத்துவிடும். கேமராவை அசைக்காமல் வைத்துக்கொண்டு இடம், வலம், மேல் என மூன்று திசையிலிருந்தாவது வெளிச்சம் காட்டித் தனித்தனியாக எடுங்கள். பக்கத்து வெளிச்சத்தில் நெட்டுக்கோடுகள் எழும். படுக்கைக் கோடுகள் மறைந்தே கிடக்கும். அவற்றுக்கு மேலிருந்து ஒளி வர வேண்டும். ஒரே படத்தை நம்பி எழுத்தைப் படிப்பவர்கள் தவறுவது இங்கேதான்.

கீழிருந்து ஒளி காட்டும்போது மட்டும் எச்சரிக்கை. ஒளி மேலிருந்துதான் வரும் என்று மூளை பெரும்பாலும் எடுத்துக்கொள்வதால், செதுக்கிய எழுத்து புடைத்த எழுத்தாகத் தெரியக்கூடும். அப்படி எடுத்த படத்தில் ஒளி வந்த திசையைக் குறித்துவையுங்கள்.

டார்ச் அனுமதி இல்லாத இடத்தில் வெயிலைத்தான் நம்ப வேண்டும். கிழக்குச் சுவரில் விடிகாலை வெயில் நேராக அடிக்கும். பார்க்க அழகு, படிக்க உதவாது. நண்பகலை நெருங்கும்போது அதே வெயில் மேலிருந்து சுவரை உரசும். அந்த அரைமணி நேரம்தான் கிழக்குச் சுவருக்கு உரியது. மேற்குச் சுவருக்கு நண்பகல் தாண்டிய அரைமணி. ஓவியத்துக்கு இதெல்லாம் நேர்மாறு: மேகமூட்டமான நாளே நல்லது.

உள்ளே ஒரே இருட்டு. முக்காலியும் ஃபிளாஷும் கூடாது என்று பலகை. என்ன செய்வது?

ஃபிளாஷ் இல்லாததை இழப்பாக நினைக்காதீர்கள். தூரம் இரு மடங்கானால் அதன் வெளிச்சம் கால் பங்காகிவிடும். பெரிய மண்டபத்தில் முதல் தூண் வெளுக்கும், மற்றதெல்லாம் இருளும்.

தூணிலோ சுவரிலோ சாயலாம் என்று நினைக்கிறோம். வேலைப்பாடுள்ள எதிலும் சாயக் கூடாது. தரை இருக்கிறது. பையைத் தரையில் வைத்து அதன்மேல் கேமராவை வைத்து, 2 நொடி டைமரில் எடுத்தால் ஒரு நொடி வரைகூட அசையாமல் வரும். டைமர் எதற்கென்றால், பட்டனை அழுத்தும் விரலே முதல் அசைவைத் தருகிறது. கையில் பிடித்து எடுப்பதானால், அகல லென்ஸில் 1/30 நொடியைவிட நீண்ட நேரம் வைக்காதீர்கள். அசைவுத் தடுப்பு இருந்தால் 1/8 வரை துணியலாம். ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறனின் அளவு) 3200 போனாலும் போகட்டும். புள்ளி தெறித்த படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

சன்னல் வெளுத்துப்போகாதபடி ஒளியளவை வையுங்கள். முழுக்க வெளுத்த இடத்தில் விவரமே பதிவாகியிருக்காது. இருண்ட இடத்தில் கொஞ்சமாவது மீட்கலாம், ரா கோப்பாக (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பு) எடுத்திருந்தால் நிறையவே மீட்கலாம்.

விதானத்துக்கு ஓர் எளிய வழி: குவிமாடத்தின் நேர் மையத்தில் தரையில் போனைத் திரை மேலே பார்க்கும்படி வைத்து, முன்கேமராவில் 10 நொடி டைமர் போட்டு விலகிவிடுங்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து எடுத்தாலும் வராத சமச்சீர் அதில் வரும்.

வாசலில் ஓர் ஆண்டோ அரசர் பெயரோ பொறித்திருந்தால் அதையே கட்டடத்தின் காலமாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ரோமின் பாந்தியன் முகப்பில், மூன்றாம் முறை கான்சலாக (ரோமின் உயர் பதவி) இருந்த மார்க்கஸ் அக்ரிப்பா இதைக் கட்டினார் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அது கி.மு. 27. ஆனால் இன்று நிற்கும் கட்டடம் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 126 அளவில் முடிந்தது. அவர் பழைய வாசகத்தையே புதிய முகப்பில் வைத்தார். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்களில் இருந்த முத்திரைகளை ஆராய்ந்தபோதுதான் உண்மை தெளிவானது. பெரிய எழுத்து சொல்லாததைச் செங்கல் சொன்னது.

காலத்தைக் கட்டடமே எழுதிவைத்திருக்கும், படிக்கப் பழக வேண்டும். முதலில் சுவரில் நெட்டுவாக்கில் ஓடும் இணைப்பைத் தேடுங்கள். ஒரே காலத்தில் எழுப்பிய சுவரில் ஒரு வரியின் இணைப்பு அடுத்த வரியின் கல்லால் மறைக்கப்படும். பல வரிகளைத் தாண்டி ஒரே நேர்கோட்டில் இணைப்பு ஓடினால் அங்கே இரண்டு சுவர்கள் சந்திக்கின்றன. எதன் பூச்சு மற்றதன் முதுகுக்குப் பின்னால் தொடர்கிறதோ அது மூத்தது. அடுத்து, அடைத்த வாசல்கள். நிலையோ வளைவோ மேலே இருக்க, உள்ளே வேறு கல் நிரப்பியிருக்கும். சுவரில் சம இடைவெளியில் வரும் சதுரத் துளைகளைக் குண்டு பாய்ந்த தடம் என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவை சாரம் கட்டிய மரங்களைச் செருகிய துளைகள்.

பிறகு சாந்து. போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டது 1824-ல்தான். ஆகவே பழைய சுண்ணாம்புச் சுவரில் சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஓர் இணைப்பு தெரிந்தால் அது பிற்காலப் பழுதுபார்ப்பு. கிட்டப்போய்ப் பாருங்கள்: சிமென்ட் கோடு அப்படியே துருத்திக்கொண்டு நிற்க, இருபுறமும் கல் உதிர்ந்து உள்வாங்கியிருக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் எளிதில் விடாது. ஈரம் கல் வழியாக வெளியேறும்போது அதிலுள்ள உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைக்கிறது. காப்பாற்றுவதாக நினைத்துச் செய்த வேலைதான் சுவரைத் தின்கிறது.

ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலிலும் பழுதுபார்ப்பே கேடானது. பண்டைய கொத்தர்கள் பளிங்குக் கற்களைப் பிணைத்த இரும்புக் கவ்விகளைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்த்தவர்கள் அந்தக் காப்பு இல்லாமல் இரும்பைப் போட்டார்கள். அது துருப்பிடித்து, பருத்து, பளிங்கைப் பிளந்தது. 1975-ல் அமைந்த பாதுகாப்புக் குழுவின் பணியில் அவை நீக்கப்பட்டு டைட்டானியம் வைக்கப்படுகிறது. கல்லில் செம்பழுப்புக் கறையோடு ஒரு விரிசல் கண்டால் உள்ளே இரும்பு இருக்கக்கூடும் என்று கொண்டு அதை மட்டும் தனியாக ஒரு படம் எடுங்கள்.

ஒரு கட்டடத்துக்கு ஒரே பிறந்தநாள் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பையே விட்டுவிடலாம். கொலோன் தேவாலயம் 1248-ல் தொடங்கி 1880-ல் முடிந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பது 1931-ல் தெரியவந்தது. இவற்றில் எது “அசல்” என்று கேட்பதில் பொருளில்லை.

ட்ரோன் பறக்கவிடலாமா?

எழுத்தில் அனுமதி இருந்தால் மட்டும். சிற்பத்தில் மோதினால் இழப்பு ட்ரோனுக்கு மட்டும் அல்ல.

ஒரு கட்டடத்தின் நூறாண்டுப் பழைய படம் கையில் இருக்கிறது. அதே இடத்தில் நின்று இன்றைய நிலையை எடுக்க ஆசை. அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மிக நல்ல ஆசை. பழைய படத்தில் அருகில் உள்ள ஒன்றும் தூரத்தில் உள்ள ஒன்றும் உரசும் புள்ளிகளைத் தேடுங்கள். உதாரணமாக, முன்தூணின் இடது ஓரம் பின்சுவர்ச் சன்னலை எந்த இடத்தில் வெட்டுகிறது? இடம் வலமாக நகர்ந்து அந்த உரசலைப் பொருத்துங்கள். இன்னொரு ஜோடியும் பொருந்தும் இடம் வரும்வரை முன்னும் பின்னும் நகருங்கள். உயரத்துக்கு மூன்றாவது ஜோடி: அருகிலுள்ள கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பு பின்னால் எந்தப் படியைத் தொடுகிறது? மூன்றும் பொருந்தினால் அன்றைய கேமரா இருந்த புள்ளியில் நிற்கிறீர்கள்.

பலர் ஜூம் செய்து அளவைப் பொருத்தப் பார்த்து ஏமாறுகிறார்கள். ஜூம் அளவை மாற்றும்; உரசலை மாற்றாது. உரசலை மாற்றுவது நிற்கும் இடம் ஒன்றுதான். இடம் கிடைத்த பிறகு கொஞ்சம் அகலமாகவே எடுத்து, வீட்டில் வெட்டிக்கொள்ளலாம். நிழலின் சாய்வைப் பார்த்து மணியையும் பருவத்தையும் பொருத்தினால் இன்னும் சிறப்பு.

பிரபலமான இடங்களுக்கு இணையத்தில் லட்சம் படங்கள் இருக்கின்றன. நான் எடுப்பதால் யாருக்கு என்ன பயன்?

லட்சமும் முகப்புதான். பின்சுவரும், நீர் வடியும் தூம்பும், கதவின் கீலும், விரிசல் தொடங்கும் மூலையும் யாரிடமும் இருக்காது.

1858-ல் வெட்ஸ்லர் தேவாலயத்தை அளக்க ஏறிய ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்ற இளம் கட்டடக்கலைஞர் கீழே விழப் பார்த்துத் தப்பினார். ஏறி அளப்பதற்குப் பதில் படமெடுத்து, படத்தில் அளந்தால் என்ன என்ற யோசனை அவருக்கு அப்போதுதான் வந்தது. பாமியான் புத்தர் சிலைகள் 2001-ல் தகர்க்கப்பட்ட பிறகு, 1970-ல் எடுத்த அளவீட்டுப் படங்களிலிருந்துதான் பெரிய சிலையின் நம்பகமான முப்பரிமாண உருவைக் கணினியில் எழுப்ப முடிந்தது.

உங்கள் படமும் அப்படிப் பயன்பட, ஜூமை மாற்றாமல், சுவருக்கு இணையாக ஓரடி ஓரடியாக நகர்ந்து, ஒவ்வொரு படமும் முந்தையதோடு 70 சதவீதம் மேற்படியும்படி எடுங்கள். நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பி எடுத்தால் ஆழம் கணக்கிட முடியாது. ஒரு படத்திலாவது அளவுகோல் இருக்கட்டும். சுவரில் ஒட்டாமல் தரையில் வையுங்கள். கோப்பின் பெயரில் இடம், தேதி, சுவர் பார்க்கும் திசை மூன்றும் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரமும் தேதி விவரமும் போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

நாம் போய்ப் பார்ப்பதே கட்டடத்துக்குக் கெடுதல் என்கிறார்களே?

சில இடங்களில் உண்மை. பிரான்ஸின் லாஸ்கோ ஓவியக் குகை 1948-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பார்வையாளர்களின் மூச்சுக்காற்றும் ஈரமும் ஓவியத்தைக் கெடுத்ததால் 1963-ல் மூடப்பட்டது. திறந்த வெளிக் கட்டடம் அவ்வளவு மென்மையானது அல்ல. ஆனால் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் எங்கேயும் ஒன்றுதான்: தொடாதீர்கள், செதுக்கிய படியில் கால் வைக்காதீர்கள், முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். நெருக்கமான வழிகளில் சுவரைக் கீறுவது பெரும்பாலும் பைதான்.

நிறையப் படமெடுக்கிறேன். திரும்பி வந்தால் எதுவும் மனதில் நிற்பதில்லை. அரசர்கள் பெயரைத் தவிர கட்டியவர்களைப் பற்றி எதுவும் தெரியாதது வேறு உறுத்துகிறது.

2014-ல் வெளியான லிண்டா ஹென்கலின் ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை வெறுமனே பார்த்தவர்களைவிடப் படமெடுத்தவர்களுக்கு அவை குறைவாகவே நினைவிருந்தன. ஆனால் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு இந்த மறதி காணப்படவில்லை. எனவே முதல் சுற்றில் கேமரா பைக்குள் இருக்கட்டும். இரண்டாம் சுற்றில் சின்னதைத் தேடுங்கள்.

கட்டியவர்கள் அந்தச் சின்னதில்தான் இருக்கிறார்கள். 2013-ல் எகிப்தின் வாடி அல்-ஜார்ஃபில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில், மெரர் என்ற மேற்பார்வையாளர் தம் ஆட்களோடு துரா சுரங்கத்திலிருந்து கிசாவுக்குப் படகில் சுண்ணாம்புக் கல் கொண்டுபோனதை நாள்வாரியாகக் குறித்திருக்கிறார். பெரிய பிரமிடு எழும்பிய காலத்து ஏடு அது. இப்படி எழுத்தில் கிடைப்பது அரிது. ஆனால் உளித் தடம் பல கட்டடங்களில் உண்டு. கல்லின் மறைவான பக்கத்தில் உளி எந்தத் திசையில் போயிருக்கிறது, பல் உளியா தட்டை உளியா, எங்கே வேலை பாதியில் நின்றிருக்கிறது என்று பாருங்கள். சில கற்களில் கொத்தர் தம் அடையாளமாக ஒரு முக்கோணமோ அம்போ கீறியிருப்பார். அதை நேர் எதிரே நின்று, பக்கத்து வெளிச்சத்தில், அளவுகோலோடு எடுத்து, எந்தச் சுவரில் எத்தனையாவது வரிசை என்று எழுதிக்கொள்ளுங்கள். அதே குறி வேறொரு சுவரிலும் கிடைத்தால், இரண்டிலும் ஒரே குழு வேலை செய்திருக்க வாய்ப்பு உண்டு.