பெற்றோல் பில்டரை வீட்டிலேயே மாற்றலாமா?

பழைய இன்ஜெக்ஷன் காரின் பெற்றோல் பில்டரை வீட்டு முற்றத்தில் வைத்தே மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றலாம், பில்டர் வெளியே இருந்தால். புதிய ஜப்பான் கார்கள் பலவற்றில் அது டாங்கிக்குள் பம்போடு சேர்ந்திருக்கும். அதைக் கராஜிடமே விடுங்கள். பில்டர் வாங்கக் கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது காரின் சேஸி நம்பரையும் எழுதிக்கொண்டு போங்கள்.

முக்கியமான விஷயம் பிரஷர். எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாயில் பெற்றோல் அழுத்தத்தோடுதான் நிற்கும். அதனால் பெற்றோல் பம்பின் பியூஸைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள், கொஞ்சத்தில் தானாக நின்றுவிடும். இன்னும் ஒரு தடவை ஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் எஞ்சின் நன்றாக ஆறட்டும், பற்றரியின் மைனஸ் வயரையும் கழற்றுங்கள். இவ்வளவு செய்தும் பழைய பில்டரைக் கழற்றக் குழாயின் கிளிப்பைத் தளர்த்தும்போது கொஞ்சம் சீறும். எனவே துணியைச் சுற்றிப் பிடியுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், கீழே ஒரு தட்டு வையுங்கள். அருகில் அடுப்பு, சிகரெட், சாமி விளக்கு எதுவும் கூடவே கூடாது. மூடிய இடத்தில் தயவுசெய்து செய்யாதீர்கள்.

புதிய பில்டரிலுள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். ரப்பர் குழாய் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பியூஸையும் வயரையும் மாட்டி, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை இரண்டு மூன்று தடவை ஓன் செய்யுங்கள், குழாய் நிரம்பும். பிறகு இணைப்புகளை விரலால் தடவிப் பாருங்கள். துளி ஈரம் தெரிந்தாலும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.

பழைய பில்டரை, பெற்றோல் நுழையும் பக்கமாக ஒரு வெள்ளை மூடியில் கவிழ்த்துப் பாருங்கள். துருத்தூளோ, அடியில் தனியாக உருளும் தண்ணீரோ வந்தால் டாங்கியையும் கழுவ வேண்டும்.