மஞ்சளில் மருந்து எச்ச வரம்பு: மனுவை எந்தத் துறைக்கு எழுதுவது?

கேள்வி: ஈரோடு பக்கம் மஞ்சள் விவசாயம் செய்கிறோம். பூச்சிமருந்து எச்ச வரம்பு பற்றி எங்கள் குழு சார்பில் அரசுக்கு எழுத வேண்டும். வேளாண் அலுவலகத்தில் கேட்டால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே போனால் ‘இது வேளாண்மை சமாச்சாரம்’ என்கிறார்கள். யார்தான் முடிவு செய்வது?

பதில்: இரண்டு அலுவலகங்களும் சொன்னது பாதி உண்மை. வரம்பை மாற்றும் அதிகாரம் மாவட்டத்தில் யாருக்கும் கிடையாது. தில்லியில் இரண்டு அமைச்சகங்கள் அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன.

எந்த மருந்தை எந்தப் பயிருக்கு அடிக்கலாம் என்று அனுமதிப்பது, 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி அமைந்த பதிவுக் குழு. அது மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அடித்த மருந்து உணவில் எவ்வளவு மிஞ்சலாம் என்று வரம்பு வைப்பது எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த அது சுகாதார அமைச்சகத்தைச் சேர்ந்தது. ஏற்றுமதிக்கு நறுமணப் பொருட்கள் வாரியம் இருக்கிறது, அது வர்த்தக அமைச்சகம். உள்நாட்டு வரம்பில் அதற்குக் கையெழுத்து அதிகாரம் இல்லை.

விவசாயி மாட்டிக்கொள்வது முதல் இரண்டுக்கும் நடுவில்தான். மருந்துப் பதிவு பயிர்வாரியாக நடக்கிறது. கம்பெனி வயலில் சோதனை செய்து எச்ச விவரங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விவரங்களை வைத்துத்தான் எஃப்எஸ்எஸ்ஏஐயின் அறிவியல் குழு வரம்பைப் பரிந்துரைக்கிறது. நெல், பருத்தி என்றால் கம்பெனிகள் செலவு செய்யும். மஞ்சள் போலப் பரப்பு குறைந்த பயிருக்கு அவ்வளவு ஆர்வம் காட்டாது. அப்போது தண்டுத் துளைப்பானுக்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் டப்பாவின் லேபிளில் ‘மஞ்சள்’ என்ற பெயரே இருக்காது. வரம்பு தனியாகக் குறிக்கப்படாத மருந்துக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் வரம்பு. ஆய்வகத்தில் சரக்கு தவறுவது இங்கேதான். 2024 ஏப்ரலில் மசாலாப் பொருட்களுக்கு இதை 0.1 ஆக்கினார்கள், ஆனால் இந்தியாவில் பதிவே ஆகாத மருந்துகளுக்கு மட்டும்.

எனவே வரம்பை உயர்த்தச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள். அது சாப்பிடுகிறவர்களுக்கும் நல்லதல்ல, வாங்கும் நாடுகளும் ஏற்காது. ‘இந்தப் பூச்சிக்கு, மஞ்சளுக்கென்று பதிவான மருந்து வேண்டும், அதற்கான எச்சச் சோதனையை வேளாண் பல்கலைக்கழகம் மூலமாக அரசே நடத்த வேண்டும்’ என்று கேளுங்கள். இந்த மனு பதிவுக் குழுவுக்கு. நகல் எஃப்எஸ்எஸ்ஏஐக்கும் நறுமணப் பொருட்கள் வாரியத்துக்கும் போகட்டும்.

எஃப்எஸ்எஸ்ஏஐ வரைவு விதி வெளியிடும்போது மட்டும் நேராக அவர்களுக்கு எழுதுங்கள். அவர்களே ஒரு படிவம் தருவார்கள்: எந்த விதி, என்ன மாற்றம், என்ன ஆதாரம். கடைசித் தேதி அறிவிப்பிலேயே இருக்கும். இதில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் சேருங்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சை மஞ்சளை வேகவைத்துக் காயவைத்தால் ஒரு கிலோ காய்ந்த விரலி மஞ்சள்தான் தேறும். ஈரம் போனாலும் சில மருந்துகள் போகாது, அதனால் காய்ந்த மஞ்சளில் அளவு கூடித் தெரியும். வரம்பு பச்சைக் கிழங்குக்கா, காய்ந்த சரக்குக்கா என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். உங்கள் குழுவிடம் பழைய ஆய்வக அறிக்கைகள் இருந்தால் அவற்றையும் இணையுங்கள். பத்துப் பக்கப் புலம்பலைவிட அந்த இரண்டு தாள்களுக்கு மதிப்பு அதிகம்.

அப்புறம், ‘எங்கள் துறை இல்லை’ என்று மறுபடியும் திருப்பி அனுப்பினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மஞ்சளுக்கு அந்த மருந்தைப் பதிவு செய்ய விண்ணப்பம் வந்திருக்கிறதா, கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் போதும். தன்னிடம் இல்லாத தகவல் என்றால், 6(3) பிரிவுப்படி அந்த அலுவலகமே ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மனுவை மாற்றி அனுப்பி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.