சித்தப்பா கேமராவா, ஆட்டோமேட்டிக்கா?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். சித்தப்பா வச்சிருந்த பென்டாக்ஸ் கே1000 பீரோவுக்குள்ள கெடந்துது, இப்ப என் கைக்கு வந்துட்டு. கூட்டாளி ஒருத்தன் நிக்கான் எஃப்80 தாரேங்கான், அதுல எல்லாமே ஆட்டோமேட்டிக்காம். பிலிம்ல எடுத்துப் படிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. எதுல தொடங்கட்டும்?
வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, யோசிக்கவே வேண்டாம், சித்தப்பா கேமராவுலயே தொடங்குங்க. 1976-ல வந்து 1997 வரைக்கும் செஞ்ச மாடல் அது, போட்டோகிராபி படிக்கப் போற பிள்ளைகளுக்கு வாத்தியாருங்க அதத்தான் கைகாட்டுவாங்க. ஏன்னா அதுல ஒளிச்சு வச்சது ஒண்ணும் கிடையாது. மேல ஷட்டர் ஸ்பீடு (பிலிம்ல எம்புட்டு நேரம் வெளிச்சம் விழணும்ங்கறது) டயல், லென்ஸ்ல அப்பர்ச்சருக்கு (வெளிச்சம் உள்ள வர்ற துவாரம்) ஒரு வளையம், போகஸுக்கு ஒரு வளையம், வியூஃபைண்டர்ல வலது ஓரமா ஒரு முள்ளு, அம்புட்டுதான். முள்ளு நடுவுல நின்னா வெளிச்சம் சரி. பேட்டரி (எல்ஆர்44 ஒண்ணு) அந்த முள்ளுக்கு மட்டும்தான், தீந்து போனாலும் ஷட்டர் அது பாட்டுக்கு அடிக்கும். முள்ள ஆட்டுற மீட்டருக்கு (வெளிச்சம் அளக்கற கருவி) தனி சுவிட்ச் இல்ல, அதனால எடுத்து முடிச்சதும் லென்ஸ் மூடியப் போட்டு வைங்க, இல்லன்னா பேட்டரி வெரசா தீந்துரும். மீட்டரே வேலை செய்யலையா, கவலய விடுங்க, நம்ம ஊரு மத்தியான வெயிலுக்கு ஐஎஸ்ஓ 200 பிலிம் போட்டா அப்பர்ச்சர் எஃப்16, ஷட்டர் 250-ல (செகண்டுல 250-ல ஒரு பங்கு) வச்சு அடிக்கலாம், அப்படியே மர நெழலுக்கு வந்தா எஃப்5.6-க்குத் தெறந்துக்கிடுங்க.

எஃப்80 மட்டமான கேமரா இல்ல. 2000-ல வந்தது, போகஸ் தானாப் பிடிக்கும், காட்சியப் பத்துப் பகுதியாப் பிரிச்சு வெளிச்சம் பாக்கும், பிலிமையும் அதுவே சுத்திக்கிடும். ஆனித் தேரோட்டத்துல வடம் பிடிக்கிற கூட்டத்துக்குள்ள நின்னுக்கிட்டு எடுக்கணும்னாலோ, கூந்தன்குளத்துல கூழைக்கடா பறந்து வரும்போது எடுக்கணும்னாலோ நான் அதத்தான் எடுத்துட்டுப் போவேன், அங்க போகஸ் வளையத்தத் திருகிட்டு இருந்தா பறவை போயிரும்.

ஆனா நீங்க படிக்கணும்ங்கீங்க, அதுதான் விசயம். பிலிம்ல படம் கழுவி வர நாளாகும், அன்னைக்கு ஒரு படம் கெட்டுப் போயிருந்தா ஏன் கெட்டுச்சுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த ரோல் உருப்படும். ஒரு உதாரணம் சொல்லுதேன். எந்த மீட்டரும் எதுக்க இருக்கறத நடுத்தர சாம்பல் நெறம்னு நெனச்சுத்தான் கணக்குப் போடும். வெள்ள வேட்டி சட்டையில பத்துப் பேரு வரிசையா நிக்காங்கன்னு வைங்க, முள்ள நடுவுல நிப்பாட்டி எடுத்தா வேட்டி அழுக்காட்டம் சாம்பலா விழும், முகமெல்லாம் இருட்டிக்கிடும். ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் ரெண்டு மடங்கு) கூட்டித் தெறந்தா சரியாயிரும். நெல்லையப்பர் கோயில் கருங்கல் தூணுன்னா நேர் எதிரு, ஒரு ஸ்டாப் குறைக்கணும். கே1000-ல இத உங்க கையால செய்வீங்க, நோட்டுல குறிச்சு வைப்பீங்க, படம் வந்ததும் ஒப்பிட்டுப் பாப்பீங்க. ஆட்டோமேட்டிக் அந்தப் பத்துப் பகுதியையும் பாத்து ஓரளவு தானே சமாளிச்சுரும், சமாளிச்சது எப்படி, சில நேரம் கோட்டை விட்டது எதனாலங்கறது ரெண்டுமே உங்களுக்குத் தெரியாது. ஆறேழு ரோல் சித்தப்பா கேமராவுல ஓட்டுங்க, பொறவு எஃப்80 வாங்குங்க, அப்ப அதுல எத நம்பலாம் எத நம்பக்கூடாதுன்னு உங்களுக்கே பிடிபடும்.

கேள்வி: பழைய மேனுவல் கேமராவுல 36 படமும் எடுத்தேன், கழுவினா ஒண்ணுமே இல்ல, பிலிம் வெறுமன இருக்கு. கேமரா போச்சா அண்ணாச்சி?
வாசகர், தென்காசி

பதில்: பிலிம் ஓரத்துல கம்பெனி பேரும் நம்பரும் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா கழுவினது சரிதான், பெரும்பாலும் பிலிம் நுனி ஸ்பூல்ல (பிலிம் சுத்திக்கிடற உருளை) மாட்டாம நழுவியிருக்கும், நீங்க லிவர இழுத்துட்டே இருந்தாலும் அது எடத்த விட்டு நகந்திருக்காது. இனிமே பிலிமப் போட்டுப் பின் கதவ மூடினதும் இடது பக்க ரீவைண்ட் குமிழை பைய சுத்தி தொய்வ எடுத்துட்டு, லிவர இழுக்கும்போது அந்தக் குமிழும் எதிர்ப்பக்கமாச் சுத்துதான்னு பாருங்க. சுத்தினா பிலிம் ஓடுது. அப்பவும் வெறுமனதான் வந்தா ஷட்டர மெக்கானிக் கிட்ட காட்டிருங்க.

கேள்வி: பழைய ஆட்டோமேட்டிக் வாங்கும்போது எத முக்கியமாப் பாக்கணும்?
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மேல உள்ள டிஸ்ப்ளேல எழுத்து உடையாம முழுசாத் தெரியணும் தங்கச்சி. பேட்டரி உங்க கையோட கொண்டு போங்க, எஃப்80-க்கு சிஆர்123ஏ ரெண்டு வேணும். பின் கதவு ரப்பர் பிசுபிசுன்னு ஒட்டும், அது இந்த மாடலுக்கே உள்ள வியாதி, படத்துக்கு ஒண்ணும் ஆகாது, அதுக்காக வெலயக் குறைச்சுக் கேளுங்க. லென்ஸ்ல டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ள சிலந்தி வல மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, வேண்டாம்னுருங்க. உள்ள எலெக்ட்ரானிக் போர்டு போயிட்டுன்னா பார்ட்ஸ் கெடைக்கறது கஷ்டம், அதனால ஒரு ரோல் ஓட்டிப் பாத்துட்டு மீதிப் பணம் தாரேன்னு சொல்லுங்க.