நான்கு குடம் தண்ணீரால் குடல் தூய்மையாகுமா?

கேள்வி: நான் பாம்பனுக்கு அருகில் வசிக்கும் 38 வயதுப் பெண், கருவாடு காயப்போடும் தளத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளாக மலச்சிக்கல். நான்கு நாட்களுக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போக முடிகிறது, வயிறு உப்பிக்கொள்கிறது. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். உடம்பு கனத்து, தோல் வறண்டுவிட்டது. இடுப்பில் வட்டவட்டமாக அரிப்பு, கன்னத்தில் பரு. மருந்துக் கடையில் வாங்கிய களிம்பை இரண்டு இடத்திலும் பூசி வருகிறேன். சென்னையில் இருக்கும் என் நாத்தனார், குழாய் வழியே பெருங்குடலைக் கழுவிக்கொண்டார். ஆறு முறை கழுவினால் தேங்கிய நஞ்செல்லாம் வெளியேறி முகமும் தெளிந்துவிடும் என்கிறார். நானும் செய்துகொள்ளலாமா, டாக்டர்?

பதில்: வேண்டாம், அம்மா. உங்கள் தொல்லைகள் உண்மையானவை. ஆனால் அவற்றுக்கான காரணம் குடல் சுவரில் ஒட்டியிருக்கவில்லை.

இந்தச் சிகிச்சையில் ஆசனவாய் வழியாகக் குழாயைச் செலுத்தி, சிறிது சிறிதாக நீரை உள்ளே விட்டு வெளியேற்றுகிறார்கள். ஒரே அமர்வில் 60 லிட்டர் வரைகூட நீர் செலவாகும். தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிக்கொண்டு குடிநீருக்கு அலைகிற நம் பக்கத்துக் கணக்கில் அது நான்கு குடம். மருத்துவமனையில் கொடுக்கும் எனிமாவையும் இதையும் ஒன்றாக எண்ண வேண்டாம். எனிமா குறைந்த அளவு திரவத்தால், குறிப்பிட்ட தேவைக்காக, ஒருவரின் உடல்நிலையைப் பார்த்துக் கொடுக்கப்படுவது.

ஆண்டுக்கணக்கில் மலம் சுவரில் படிந்து நஞ்சாகக் கசிகிறது என்பதுதான் குடல் கழுவுபவர்கள் சொல்லும் அடிப்படைக் காரணம். வள்ளத்தின் அடியில் சிப்பி படிவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது நம்பக்கூடியதாகத் தோன்றும். ஆனால் வள்ளம் உயிரற்ற பலகை. குடலின் உட்தோலோ சில நாட்களுக்கு ஒருமுறை தன் செல்களை உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. உடலின் கழிவை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஓயாமல் செய்கின்றன.

இந்த நம்பிக்கை மேலை நாட்டு மருத்துவர்களையே ஒரு காலத்தில் ஆட்டிவைத்தது. லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவைச் சிகிச்சை வல்லுநர், மலச்சிக்கல் உள்ளவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். 1919-இல் வால்டர் அல்வாரெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் ஓர் எளிய நியாயத்தை எடுத்துவைத்தார்: மலம் கழித்தவுடனே தலைவலியும் மந்தமும் விலகிவிடுகின்றன, ரத்தத்தில் கலந்த நஞ்சு அத்தனை விரைவில் எங்கே போகும்? குடல் விரிந்து நரம்புகளை அழுத்துவதுதான் அந்த மந்தத்துக்குக் காரணம் என்றார் அவர். உங்கள் நாத்தனார் உணர்ந்த இலேசும் அப்படிப்பட்டதே; அவர் பொய் சொல்லவில்லை, வயிறு காலியாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

வயிற்றுவலி, வாந்தி, ரத்தத்தில் சோடியம் போன்ற உப்புகளின் அளவு குலைதல், அரிதாகக் குடல் துளைபடுதல் ஆகியவை இச்சிகிச்சையால் நேரக்கூடியவை. சிறுநீரக நோய், இதய நோய், குடல் அழற்சி, கடுமையான மூலம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதன் அருகிலேயே போகக்கூடாது. கருவியைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்தது சாட்சி: 1978 முதல் 1980 வரை ஒரே நிலையத்தில் குடல் கழுவிக்கொண்டவர்களில் குறைந்தது 36 பேருக்கு அமீபா என்ற குடல் கிருமி தொற்றியது, 10 பேருக்குப் பெருங்குடலை அகற்ற நேர்ந்தது, அவர்களில் 6 பேர் இறந்தார்கள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மலச்சிக்கல், வறண்ட தோல், உடல் கனம் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும்போது முதலில் பார்க்கவேண்டியது தைராய்டு. அச்சுரப்பி மந்தமானால் குடலும் மந்தமாகும், தோலும் வறளும். சர்க்கரை நோயிலும் மலச்சிக்கலும் தோலில் பூஞ்சைத் தொற்றும் சேர்ந்தே வரலாம். இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் அறிந்துகொள்ளலாம். உங்கள் இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். நீங்களாக அதை நிறுத்தாமல், அளவையோ வகையையோ மாற்றித் தருமாறு கேளுங்கள்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கவேண்டியிருக்கிறது. காலையில் தளத்துக்குப் போனால் மாலை வரை ஒதுங்க இடம் உண்டா? கடற்கரையில் வேலை செய்யும் பெண்கள் பலர் இதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, வரும் உணர்வையும் அடக்கிவிடுகிறார்கள். வெயிலில் வியர்வையாகப் போகும் நீர் போக, மிஞ்சியதையும் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்ளும்போது மலம் கல்லாகிறது. அடக்கிப் பழகிய குடல் நாளடைவில் அறிவிப்பதையே விட்டுவிடுகிறது. காலை ஆகாரத்துக்குப் பின் குடல் தானாக அசையும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். சோறும் மீன் குழம்பும் மட்டுமாக இருக்கும் தட்டில் முருங்கைக்கீரை, கொண்டைக்கடலை, குதிரைவாலி, பருவத்தில் பனங்கிழங்கு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் உப்புசம் அதிகமாகும். போதாவிட்டால் இசப்கோல் உமியை நிறையத் தண்ணீருடன் எடுத்துக்கொள்ளலாம்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, குடும்பத்தில் யாருக்கேனும் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். உங்கள் ரத்தசோகைக்கான காரணத்தையும் இதுவரை யாரும் ஆராய்ந்திராவிட்டால் இப்போதே கேளுங்கள்.

கடைசியாக, தோல். இடுப்பில் வட்டமாக வருவது பெரும்பாலும் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கும். கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தரும் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது; அது அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளரவிடும், முகத்தில் பூசினால் பருவையே உண்டாக்கும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் செல்லும்போது அந்தக் களிம்பின் டியூபை, காலியாகிவிட்டிருந்தாலும், மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். நெடுநாள் பூசியதைச் சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியக்கூடும். எப்படி விடுவது என்பதை அவர்கள் அதைப் பார்த்துச் சொல்வார்கள்.